புள்ளிவிபரங்களும் அவற்றின் உடன்குறிப்பும்

நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் இக்காலத்திற் பலவிதமான எண்களோடு பழக வேண்டியவராயுள்ளனர். மழைவீழ்ச்சி அட்டவணை, மண் பரிசோதனை அறிக்கை, புதிய நெல்லினம் ஒன்றின் விளைச்சற் கணக்கு, சந்தை விலைப் பட்டியல், கைத்தொலைபேசியில் வரும் காலநிலைச் செய்தி என்பன அவற்றுட் சில. இவ்வெண்களுட் பெரும்பாலானவை கமக்காரர் தாமே அளந்தவையல்ல. யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு தேவையின் பொருட்டு அளந்து எழுதியவை. ஆயினும் அவற்றை நம்பி விதைக்கும் நாளையும், இடும் உரத்தின் அளவையும், வாங்கும் கடனையும் தீர்மானிப்பவர் கமக்காரரே. எண் பிழைத்தாலோ, எண் சரியாயிருந்து அதன் பொருள் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டாலோ, நட்டம் அவரையே சேரும்.

முன்பின் அறியாத ஒருவர் தந்த எண்ணை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இப்பிரசுரத்தின் பொருளாகும். எண்ணை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் தரம் புலப்படாது. அதனை யார், எங்கே, எப்போது, எக்கருவியால், எந்த அளவையில் எடுத்தனர் என்னும் குறிப்புகள் உடனிருத்தல் வேண்டும். தரவைப் பற்றிய இத்தரவினை இக்காலத்து அறிஞர் மெட்டாடேட்டா என வழங்குவர். நாம் இங்கு அதனை உடன்குறிப்பு என்போம். பெயர் புதியதாயினும் பொருள் கமக்காரருக்குப் புதியதன்று.

மூட்டையிற் கட்டிய சீட்டு

விதை நெல் மூட்டை ஒன்றையும் அரிசி ஆலைக்குப் போகும் நெல் மூட்டை ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முளைக்குமா, கலப்பின்றி ஒரே இனமாய் வளருமா என்பதை நெல்மணி தானே சொல்லாது. மூட்டையிற் கட்டப்பட்ட சீட்டே அதனைச் சொல்லுகின்றது. இனத்தின் பெயர், தொகுதி இலக்கம், விதையின் வகுப்பு, முளைதிறன், பரிசோதித்த திகதி ஆகியவற்றைப் பார்த்தே நாம் விதை வாங்குகின்றோம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதையின் தரத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துகின்றது. அச்சீட்டை அறுத்து எறிந்துவிட்டால் நெல் மாறிவிடுவதில்லை. ஆயினும் அதனை விதையென்று நம்பி வாங்க எவரும் முன்வரார். சீட்டிலுள்ள பரிசோதனைத் திகதி பழையதாயின், அதிற் கண்ட முளைதிறனும் பழைய முளைதிறனே. களஞ்சியத்தின் வெப்பமும் ஈரமும் அதற்குப் பின்னர் என்ன செய்தன என்பதைச் சீட்டுச் சொல்லாது. ஆகவே அனுபவமுள்ள கமக்காரர் ஒரு பிடி விதையை ஈரச் சாக்கிற் சுற்றிவைத்துத் தாமே முளைப்பித்துப் பார்ப்பர்.

நெல்லினத்தின் பெயரிலேயே சில உடன்குறிப்புகள் அடங்கியிருக்கின்றன. பி.ஜி. என்னும் எழுத்துகள் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும், ஏ.ரி. என்பன அம்பலாந்தோட்டையையும், பி.டபிள்யூ. என்பன பொம்புவலையையும் குறிப்பன. அடுத்துவரும் இலக்கம் வயதைக் காட்டும். பி.ஜி. 250 இரண்டரை மாத இனம். பி.ஜி. 300, ஏ.ரி. 307 என்பன மூன்று மாத இனங்கள். பி.ஜி. 352, பி.ஜி. 358, ஏ.ரி. 362 என்பன மூன்றரை மாத இனங்கள். பி.ஜி. 403 நான்கு மாத இனம். குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் எதனை விதைக்கலாம் என்று பெயரைக்கொண்டே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் இம்முறை வழக்கத்துக்கு வருமுன் பெயரிடப்பட்ட பி.ஜி. 94-1, பி.ஜி. 11-11 முதலிய இனங்களின் இலக்கத்தை இவ்விதம் வாசித்தல் கூடாது. குறியீட்டை வாசிக்கப் பழகியவர், அக்குறியீடு எக்காலத்திலிருந்து செல்லும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஹெவ்லொக் டவுனிற் பெய்த மழை

கொழும்பு 5 இல் அடங்கிய ஹெவ்லொக் டவுனில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கும் வடபகுதிக் கமக்காரர் பலர். அங்கிருந்து ஹெவ்லொக் வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் தும்முல்லைச் சந்தியை அடையலாம். அச்சந்தியிற் கிழக்கே திரும்பிப் பௌத்தாலோக மாவத்தை வழியே செல்லின் வளிமண்டலவியல் திணைக்களத்தைக் காணலாம். முன்னர் புல்லர்ஸ் வீதி எனப்பட்ட இம்மாவத்தையில் 1907 ஆம் ஆண்டிற் கொழும்பு அவதான நிலையம் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் நில அளவைத் திணைக்களத்தினர் மழையையும் வெப்பத்தையும் பதிந்து வந்தனர். 1948 இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. நாம் செய்தித்தாளில் "கொழும்பு" என்ற பெயருக்கு நேரே காணும் மழைவீழ்ச்சி இந்நிலையத்து மழைமானியில் விழுந்த மழையே. நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7 மீற்றர் உயரத்தில் உள்ளது.

இனி ஓர் உதாரணம் கூறுவோம். சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் ஹெவ்லொக் டவுனில் இடியுடன் பெருமழை பெய்து தெருவெல்லாம் வெள்ளமாயிற்று என வைத்துக்கொள்வோம். அதே வேளையிற் கொட்டாஞ்சேனையில் ஒரு துளியும் விழாதிருக்கலாம். இடைப்பருவ இடிமழையின் இயல்பு அது. மழைமானி நிற்குமிடத்தில் இலேசான தூறல் மட்டும் விழுந்திருந்தால், கொழும்பின் மழை அன்றைக்குச் சொற்பமென்றே ஏட்டிற் பதிவாகும். பதிவு பொய்யன்று. "கொழும்பு" என்ற சொல் ஒரு நகரத்தைக் குறிப்பதாக வாசிப்பவர் நினைத்துக்கொண்டதே தவறு. அது ஒரு மழைமானியைக் குறிக்கின்றது.

நேரத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. நாளாந்த மழைவீழ்ச்சி என்பது காலை 8.30 மணியுடன் முடிவடையும் 24 மணித்தியாலங்களின் மழையாகும். திங்கட்கிழமை மாலை 5 மணிக்குப் பெய்த மழை செவ்வாய்க்கிழமை காலையில் அளக்கப்படும். செவ்வாய்க்கிழமை பகலில் யூரியா இட்ட கமக்காரர் ஒருவர், பட்டியலிற் செவ்வாய்க்கு நேரே 60 மில்லிமீற்றர் என்று கண்டு, இட்ட உரம் கழுவுண்டு போயிற்றென எண்ணி மறுபடியும் உரம் இடக்கூடும். அம்மழை உரமிடுமுன்னரே பெய்து முடிந்ததாயிருக்கலாம். 8.30 மணி என்ற ஒரு வரிக் குறிப்பு ஒரு மூட்டை யூரியாவின் விலைக்குச் சமமாகும்.

சராசரி என்ற சொல்லையும் கவனித்தல் வேண்டும். எந்த ஆண்டுகளின் சராசரி? உலக வளிமண்டலவியல் நிறுவனத்தின் வழக்கப்படி முப்பது ஆண்டுகளைக் கொண்டே இயல்பு நிலை கணிக்கப்படுகின்றது. 1961 முதல் 1990 வரையான சராசரியை ஒரு தாளும், 1991 முதல் 2020 வரையான சராசரியை மற்றொரு தாளும் தருமாயின், இரண்டும் வேறுபடுவதிற் புதுமையில்லை. ஆண்டு குறிப்பிடாத சராசரியைக்கொண்டு "மழை குறைந்துவிட்டது" என்றோ "கூடிவிட்டது" என்றோ தீர்மானித்தல் தகாது. அங்குலத்தில் எழுதிய பழைய ஏடுகளும் மில்லிமீற்றரில் எழுதிய புதிய ஏடுகளும் ஒரே நிலையத்துக்கு இருத்தல் கூடும். ஓரங்குலம் 25.4 மில்லிமீற்றர். அளவை எழுதாத அட்டவணையில் 4 என்று கண்டால், அது ஆடை நனையாத தூறலோ குளம் நிரம்பும் மழையோ என்று யார் சொல்ல வல்லார்?

கைத்தொலைபேசியிற் காணும் மழையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். உமது கிராமத்தின் பெயரைப் போட்டு "நேற்று 12 மில்லிமீற்றர்" என்று காட்டும் எண், பெரும்பாலும் உமது கிராமத்தில் அளக்கப்பட்டதன்று. செய்மதியின் அவதானங்களையும் கணினிக் கணிப்பையும் கொண்டு, பல கிலோமீற்றர் அகல நீளமுள்ள ஒரு சதுரத்துக்கு மதிப்பிடப்பட்ட எண் அது. பரந்த பிரதேசத்தின் போக்கை அறிய அது மிக உதவும். ஒரு வயலின் வரம்பை வெட்டிவிடுவதா, கட்டுவதா என்பதை அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. வயலருகே முறையாக நாட்டப்பட்ட சாதாரண மழைமானி ஒன்று, மரநிழலும் கூரைச் சாரலும் படாதிருந்தால், இவ்விடயத்தில் அதனிலும் மேலானது.

ஒரே வயல், நான்கு விளைச்சல்

புள்ளிவிபரங்களுள் கமக்காரரை அதிகம் மயக்குவது விளைச்சற் கணக்கேயாகும். ஏக்கருக்கு 106 புசல் விளைந்ததென ஒருவரும், அதே இனம் தமக்கு 87 புசலே தந்ததென மற்றொருவரும் சொல்லக் கேட்கின்றோம். பின்னவர் தம் மண்ணை நொந்துகொள்வார், அல்லது விதையைக் குறை கூறுவார். இருவரும் ஒரே வயலைப் பற்றியே பேசியிருக்கவும் கூடும். அது எவ்வாறென்று பார்ப்போம்.

வெளிவரம்பின் ஓரத்தால் அளந்தால் ஓர் ஏக்கர் வரும் வயல் ஒன்று. அதில் வரம்பும் வாய்க்காலும் பத்தில் ஒரு பங்கு; நெல் நின்ற நிலம் பத்தில் ஒன்பது பங்கு. சூடடித்தவுடன் நிறுத்ததில் 2000 கிலோ. அப்போது நெல்லின் ஈரப்பதன் 22 வீதம். அந்நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் நிறை 1814 கிலோவாகும். ஈர நெல்லை முழு ஏக்கருக்குக் கணக்கிட்டால் 2000 கிலோ, அதாவது ஏறக்குறைய 96 புசல். ஈர நெல்லை நெல் நின்ற நிலத்துக்கு மாத்திரம் கணக்கிட்டால் ஏக்கருக்கு 2222 கிலோ, அதாவது 106 புசலுக்கு மேல். உலர்ந்த நெல்லை நெல் நின்ற நிலத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 97 புசல். உலர்ந்த நெல்லை முழு ஏக்கருக்குக் கணக்கிட்டால் 87 புசல். இந்நான்கில் ஒன்றேனும் பொய்யன்று. பொய் சொன்னவர் ஒருவரும் இல்லாமலே ஏறக்குறைய 20 புசல் வித்தியாசம் வந்துவிட்டது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் நெற் புள்ளிவிபரங்களில் விதைத்த மொத்தப் பரப்பு, அறுவடை செய்த மொத்தப் பரப்பு, அறுவடை செய்த தேறிய பரப்பு என வெவ்வேறு நிரல்கள் இருப்பது இதன் பொருட்டே. தேறிய பரப்பு என்பது வரம்பு முதலியன நீக்கியது. சராசரி விளைச்சல் தேறிய பரப்புக்கே தரப்படுகின்றது. அவ்விளைச்சலைத் தம் உறுதியிற் கண்ட முழுப் பரப்பாற் பெருக்கிப் பார்ப்பவர், இல்லாத நெல்லைத் தம் களஞ்சியத்தில் எதிர்பார்ப்பவராவார். நிரலின் தலைப்பிலுள்ள ஒரு சொல்லை வாசிக்காததன் விளைவு இது.

அளந்த முறையையும் கேட்டல் வேண்டும். வயல் முழுவதையும் அறுத்து நிறுத்தனரா, அல்லது சிறு துண்டொன்றை அறுத்துக் கணக்கிட்டனரா? துண்டாயின் அதனைத் தெரிந்தெடுத்தவர் யார்? தலையெழுத்துப்படி விழுந்த இடமாயின் நன்று. செழித்து நின்ற மூலையாயின் அக்கணக்கு அம்மூலைக்கு மாத்திரமே செல்லும். துண்டின் பருமனும் முக்கியம். இந்தியாவில் 1940 களிற் பயிர் அறுவடை மதிப்பீட்டைப் பற்றி மகாலனோபிஸ், சுகாத்மே என்னும் புள்ளிவிபர அறிஞர் இருவரிடையே பெரும் வாதம் நடந்தது. மிகச் சிறிய துண்டுகளை அறுத்து மதிப்பிட்டால் விளைச்சல் உள்ளதிலும் கூடுதலாகத் தோன்றும் என்பதைச் சுகாத்மே எடுத்துக் காட்டினார். எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் எழும்போது, அறுப்பவர் கை அதனை உள்ளேயே சேர்த்துவிடுகின்றது. துண்டு சிறிதாயின் எல்லைப் பயிரின் பங்கு பெரிதாகும். அறுப்பவர் நேர்மையாளராயிருந்தும் இப்பிழை நேரும் என்பதே இதிற் கவனிக்கத்தக்கது.

புதிய இனம் ஒன்றின் விளம்பரத்தில் "ஹெக்டயருக்கு இத்தனை தொன்" என்று கண்டால், அது அந்த இனம் தரக்கூடிய உச்ச விளைச்சலா, பல இடங்களிற் பெற்ற சராசரியா என்று கேளுங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் நீரும் உரமும் களைகட்டலும் காலந்தவறாது கிடைக்கும். கடைக்கோடி வாய்க்காலில் நீருக்குக் காத்திருக்கும் வயலுக்கு அவ்வெண் ஒரு வழிகாட்டியேயன்றி வாக்குறுதியன்று.

விளைந்த காலமும் உடன்குறிப்பில் அடங்கும். 2021/22 காலபோகத்து விளைச்சலை வேறு போகங்களோடு ஒப்பிடுபவர், 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டதையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாத ஒருவர் இன்னும் முப்பது ஆண்டுகளின் பின் அவ்வட்டவணையை எடுத்துப் பார்த்தால், அப்போகத்தில் விதைத்த இனங்களெல்லாம் தரம் குறைந்தவை எனத் தீர்மானிக்கக்கூடும். போகத்தின் பெயரையும் சரியாக வாசித்தல் வேண்டும். காலபோகம் ஓராண்டில் விதைத்து மறு ஆண்டில் அறுப்பது. ஆகவே "2022" என்று மட்டும் எழுதிய கணக்கில் எப்போகங்கள் சேர்ந்துள்ளன என்று வினவுதல் அவசியம்.

பரப்பும் புசலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு உடன்குறிப்பின் அருமையை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை. அவர்களுடைய உறுதிகளே போதும். பரப்பு அல்லது இலாச்சம் என்னும் அளவு, விதைப்பைக் கொண்டு நிலத்தை மதிப்பிட்ட பழைய வழக்கிலிருந்து வந்தது. அதில் வரகு விதைப்புக் கணக்கு ஒன்று, நெல் விதைப்புக் கணக்கு ஒன்று. வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். எனவே 12 பரப்பு என்பது வரகுக் கணக்காயின் முக்கால் ஏக்கர், நெற்கணக்காயின் அரை ஏக்கர். "வரகு", "நெல்" என்ற ஒரு சொல் விடுபட்டால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அல்லது இல்லாத நிலம் வந்து சேரும். உறுதி எழுதிய நொத்தாரிசுகள் அச்சொல்லை விடாது எழுதியமைக்குக் காரணம் இதுவே. இன்று உரக் கணக்குப் போடும்போதும் கிருமிநாசினி கலக்கும்போதும் நாம் அச்சொல்லை விட்டுவிடுகின்றோம் என்பது விசனிக்கத்தக்கது. நாட்டின் ஏனைய பாகங்களில் வழங்கும் அமுணம், அவணம் முதலிய அளவுகளும் இடத்துக்கிடம் வேறுபடுவன.

புசல் என்பது பிறப்பால் ஒரு கொள்ளளவு, நிறையன்று. இலங்கையில் நெல்லுக்கு ஒரு புசல் 46 இறாத்தல், அதாவது 20.87 கிலோ என நிறையாக மாற்றி வழங்கப்படுகின்றது. பதர் மிகுந்த நெல்லையும் மணி திரண்ட நெல்லையும் மரக்காலால் அளந்தால் ஒரே புசல். தராசில் வைத்தால் ஒன்றல்ல. ஆகவே பழைய கணக்குகளைப் பார்ப்பவர், அளந்து சொன்ன புசலா, நிறுத்துச் சொன்ன புசலா என்று விசாரித்தல் நன்று.

இன்னொன்றும் உண்டு. "ஏக்கருக்குச் சுமார் 100 புசல்" என்று ஒரு கமக்காரர் கண்மதிப்பாகச் சொன்னதை ஓர் உத்தியோகத்தர் மெட்ரிக் அளவைக்கு மாற்றினால் ஹெக்டயருக்கு 5157 கிலோ என்று வரும். அத்தாளைப் பின்னர் காண்பவர், ஒற்றைக் கிலோ வரை நிறுத்து எழுதிய நுட்பமான எண்ணென்று மயங்குவார். 100 என்பதிலிருந்த "சுமார்" கணக்கிடும் வழியில் உதிர்ந்துபோயிற்று. நுட்பமாய்த் தோன்றும் எண்ணெல்லாம் நுட்பமாய் அளந்த எண்ணல்ல. குறைகளை ஒளிக்காமல் எழுதிய பருமட்டான கணக்கு, குறிப்பேதுமற்ற நுணுக்கமான கணக்கிலும் பயன் மிக்கது என்பது எமது அபிப்பிராயம்.

மருந்தும் உரமும் இடுவோர் "ஏக்கருக்கா, ஹெக்டயருக்கா" என்ற கேள்வியை ஒருபோதும் விடலாகாது. ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டயருக்குச் சொன்ன மருந்தை ஏக்கருக்கு இட்டால் பயிரும் கெடும், தெளிப்பவர் உடலும் கெடும், உண்பவர் வயிற்றிலும் எச்சம் சேரும். உரத்தில் இன்னொரு மயக்கம்: மூட்டையில் 46 என்று எழுதியிருக்கும் முச்சுப்பர் பொசுபேற்று உரத்தில் 46 வீதம் இருப்பது பொசுபரசு ஐயொட்சைட்டுக் கணக்கில், தனிப் பொசுபரசுக் கணக்கில் அது ஏறக்குறைய 20 வீதமே. மண் அறிக்கை ஒரு கணக்கிலும் உரச் சிபார்சு மற்றொரு கணக்கிலும் இருந்தால் முதலில் ஒன்றாக்கிக்கொள்க. மண்ணின் அமிலத்தன்மையை நீரிற் கரைத்து அளந்தால் ஓர் எண்ணும் உப்புக் கரைசலிற் கலந்து அளந்தால் வேறோர் எண்ணும் வரும். எந்த ஆழத்து மண், எம்முறை என்ற இரண்டும் அறிக்கையில் இல்லையேல், அனுப்பிய ஆய்வுகூடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

சந்தை விலை

ஹெவ்லொக் டவுனுக்கு அயலில் உள்ளது நாரகேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம். இலங்கை மத்திய வங்கி நாடோறும் வெளியிடும் விலை அறிக்கையில் இதன் விலைகளும் இடம்பெறுவதுண்டு. தம்புள்ளை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விலைகளும் அவ்வறிக்கையில் வரும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் மரக்கறி விலைகளைத் திரட்டி வெளியிடுகின்றது.

நாரகேன்பிட்டியிற் கத்தரிக்காய் விலை உயர்ந்ததென்று கேள்வியுற்று, தோட்டத்துக்கு வந்த வியாபாரியிடம் அவ்விலையைக் கேட்கும் செய்கையாளர் ஏமாற்றமடைவது இயல்பு. அது சில்லறை விலை. போக்குவரத்து, கூலி, தரகு, வாடல், அழுகல் யாவும் அதனுட் கலந்துள்ளன. தோட்டத்து விலையோடு ஒப்பிடத் தக்கது மொத்த விற்பனை விலை. அதிலும் தம் பொருள் போகும் சந்தையின் விலை. கொழும்பு மொத்தச் சந்தை என்றால் முன்னர் புறக்கோட்டை மனிங் சந்தை என்று பொருள். 2020 இல் அச்சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. பழைய ஆண்டுகளின் விலையோடு இக்கால விலையை ஒப்பிடுவோர் இவ்விட மாற்றத்தை நினைவில் வைத்தல் வேண்டும். அறிக்கையில் "நேற்று", "இன்று" என இரண்டு நிரல் இருக்குமாயின், கைமாறிக் கைமாறி வந்த தாளின் "இன்று" எந்த நாள் என்று முதலிற் பாருங்கள். திகதியில்லாத விலைப்பட்டியல் கடலை சுற்றவே உதவும்.

வெற்றிடமும் பூச்சியமும்

அட்டவணையில் 0 என்று எழுதியிருப்பதும் ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பதும் ஒன்றல்ல. மழைக்கட்டத்தில் 0 என்றால் மழைமானியைப் பார்த்தனர், மழை இல்லை. வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை, அல்லது பார்த்தது கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கின் பதிவேடுகள் பலவற்றில் இத்தகைய இடைவெளிகள் நேர்ந்தன. அவ்வெற்றிடங்களைப் பூச்சியமென வாசித்து ஆண்டுச் சராசரி எடுத்தால், வரட்சியில்லாத ஊருக்கும் வரட்சி வந்துவிடும்.

அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடும் குறிப்பை வாசியாது விடுவோர் பலர். 2001 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு முழுமையாக நடைபெற்றது 18 மாவட்டங்களில் மாத்திரமே. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களிலும் கணக்கெடுப்பு நடைபெறவில்லை, அல்லது முழுமை பெறவில்லை. தீவு முழுவதையும் தழுவிய முந்திய கணக்கெடுப்பு 1981 இல் நடந்தது. அடுத்தது 2012 இல் நடந்தது. 2001 இன் தொகைகளை எடுத்து "இலங்கை முழுவதிலும்" எனப் பேசுபவர், நாட்டின் பெரும் நெல் வயல்கள் சிலவற்றையும் அவற்றில் உழைத்த குடும்பங்களையும் அறியாமலே கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றார். அடிக்குறிப்பு அங்கேதான் இருக்கின்றது. கண் அதுவரை இறங்குவதில்லை.

பழைய தாள்கள்

வீட்டுப் பெட்டியில் தந்தையாரும் பேரனாரும் சேர்த்துவைத்த விவசாயத் துண்டுப்பிரசுரங்கள் சிலரிடம் உண்டு. அவற்றைப் பேணுதல் நன்று. ஆனால் அவற்றிற் சொல்லியவாறு மருந்து தேடுதல் ஆகாது. அக்காலத்தில் தாராளமாய்ச் சிபார்சு செய்யப்பட்ட டி.டி.ரி. முதலியன இன்று தடைசெய்யப்பட்டவை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மருந்துகளையே இன்று விற்கவும் வாங்கவும் கூடும். எச் 4 இனத்துக்குக் கூறிய உர அளவு, பின்னர் வந்த குட்டை இனங்களுக்குப் பொருந்தாது; எச் 4 உயர்ந்து வளர்வது, உரம் மிகுந்தாற் சாய்ந்துவிடுவது. ஒரு சிபார்சு எந்த ஆண்டுக்கு, எந்த இனத்துக்கு, எந்த வலயத்துக்கு என்று எழுதியிருந்தால் அதனை இன்றைக்கு எவ்வளவு ஏற்பதென்று தீர்மானிக்கலாம். இப்பிரசுரத்தையும் அவ்வாறே நோக்குக.

உடன்குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடல் ஆகாது. சீட்டை மாற்றிக் கட்டும் கைகளும் உள. ஆயினும் குறிப்பு விரிவாயிருக்கும்போது பொய் தானே அகப்பட்டுக்கொள்ளும். மூன்று மாத இனமென்று பெயரும், நாற்பது நாளிடைவெளியில் விதைப்பும் அறுவடையும் எனத் திகதியும் சொல்லுமாயின் இரண்டிலொன்று பிழை. ஈரவலயத்து நிலையமொன்றுக்கு ஆண்டு மழை 600 மில்லிமீற்றர் என்று கண்டால், அளவையோ மாதங்களோ விடுபட்டிருக்க வேண்டும். குறிப்பே தர மறுப்பவரிடம் பெறும் எண்ணை, சீட்டில்லாத விதையைப் போலவே நடத்துக. முழு வயலுக்கும் விதையாது ஒரு மூலையில் இட்டுப் பார்க்கலாம்.

சொந்தக் குறிப்புப் புத்தகம்

பிறர் எண்ணை இவ்வளவு வினவும் கமக்காரர், தம் எண்ணையும் பிறர் வினவத்தக்கதாய் எழுதிவைத்தல் முறையாகும். நாற்பது பக்க அப்பியாசப் புத்தகம் ஒன்று போதும். முதற் பக்கத்திலே வயலின் பெயர், பரப்பு, அப்பரப்பு எக்கணக்கில், வரம்பு நீங்கியதா நீங்காததா என்பவற்றை ஒருமுறை எழுதிவிடுக. பின்னர் ஒவ்வொரு போகத்துக்கும் இனத்தின் பெயர், விதைச் சீட்டின் தொகுதி இலக்கம், விதைத்த நாள், உரமிட்ட நாளும் அளவும், பூத்த நாள், அறுத்த நாள், நிறுத்த நிறை, நிறுத்தபோது நெல் ஈரமோ உலர்ந்ததோ என்பவற்றைக் குறிக்க. ஈரமானி இல்லாதவர் "இரண்டு வெயில் காய்ந்தது" என்றெழுதினாலும் போதும். பொய்யான 14 வீதத்திலும் அது மேல். விதைச் சீட்டை எறியாமல் அப்பக்கத்தில் ஒட்டிவிடலாம். மரக்கறித் தோட்டக்காரர் விற்ற விலையோடு எந்தச் சந்தை, மொத்தமா சில்லறையா, கழிவு போக எத்தனை கிலோ என்பதையும் சேர்த்தெழுதுக. மழை எழுதுவோர் எத்தனை மணிக்கு அளந்தனர் என்பதையும், அளக்காத நாளிற் கோடொன்றையும் இடுக, பூச்சியம் இடவேண்டாம்.

பயிரில் நோய் கண்டோ விளைச்சல் குறைந்தோ விவசாயப் போதனாசிரியரிடம் செல்லும்போதும், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துடன் பேசும்போதும் இப்புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள். அவர்கள் முதலிற் கேட்பவை இனமும் வயதும் விதைத்த நாளும் இட்ட உரமுமேயாகும்.